பாக்கெட் வரைகிற பிள்ளைக்குக் கடையைக் காட்டுங்கள்



நமது இதழில் வரி, எடை அளவு, உரிமம், கொள்முதல் என்று எழுதுவதுதான் வழக்கம். படம் வரைகிறவர்களைப் பற்றி எழுதுவதற்கு ஒரு மளிகை மொத்த வியாபாரிக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. முன்பு மூட்டையைப் பிரித்து நிறுத்துப் பொட்டலம் மடித்துக் கொடுத்தோம். இன்று மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், அப்பளம், பருப்பு, ரவை, நல்லெண்ணெய் என்று எதை எடுத்தாலும் சொந்தப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் போடுகிறோம். நம்மில் பலர் இன்று கடைக்காரர் மட்டுமல்ல, ஒரு மார்க்கின் சொந்தக்காரரும் ஆகிவிட்டோம். அந்த மார்க்குக்கு முகம் வரைந்து கொடுப்பவர் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுப் பிள்ளை. கம்ப்யூட்டரில் படம் வரையப் படித்தவர். டிசைனர் என்கிறோம்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது? இதை நாம் யோசித்ததே இல்லை. ஆனால் அந்த ஊற்று எது என்பதைப் பொறுத்தே நம் சரக்கு அலமாரியில் தனியாகத் தெரிவதும், கூட்டத்தில் தொலைந்து போவதும், சில சமயம் கோர்ட் படி ஏறுவதும் இருக்கிறது. நான் பள்ளிப் படிப்போடு கல்லாவுக்கு வந்தவன், ஓவியம் அறியேன். ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான லேபிள்கள் என் கையில் வந்து போயிருக்கின்றன. எது நின்றது, எது போனது என்று மட்டும் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நாம் செய்கிற காரியம்

பாக்கெட் போட வேண்டும் என்றதும் நம்மவர் என்ன செய்கிறார்? சந்தையில் நன்றாக ஓடுகிற ஒரு கம்பெனியின் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டிசைனரிடம் போகிறார். "தம்பி, இதே மாதிரி இருக்கட்டும். பெயரை மட்டும் மாற்றிப் போடு. ரெண்டு நாளில் வேண்டும்." இவ்வளவுதான் பேச்சு. கூலி பேசுகிற நேரம்கூடச் சரக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இன்டர்நெட்டில் தேடும். மிளகாய் என்று கேட்டால் ஆயிரம் படம் வரும். அழகாக இருக்கிற ஒன்றை எடுத்து வைக்கும். விளைவு என்ன தெரியுமா? இராமநாதபுரம் முண்டு மிளகாய் அரைத்த தூள் பாக்கெட்டில் குண்டூர் நீள மிளகாயின் படம். முண்டு மிளகாய் உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த மிளகாயை வாங்கி, அதன் பெயரைச் சொல்லி விற்கிறவர், பாக்கெட்டில் வேறு மிளகாயைக் காட்டுகிறார். துவரம்பருப்பு பாக்கெட்டில் கடலைப்பருப்புப் படம் வந்ததையும் பார்த்திருக்கிறேன். அச்சிட்டு ஐயாயிரம் கவர் வந்த பிறகுதான் கடைக்காரரே கவனித்தார்.

இன்னொன்று. ஒரே பெண்மணி, ஒரே கிண்ணம், ஒரே சிரிப்பு. அந்தப் படம் மூன்று ஊர் வியாபாரிகளின் மூன்று வேறு சரக்குகளின் பாக்கெட்டுகளில் என் கடைக்கே வந்து சேர்ந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். மூன்று டிசைனர்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள்.

இப்போது கம்ப்யூட்டரிடம் வாயால் சொன்னால் அதுவே படம் போட்டுக் கொடுக்கிறது. டிசைனரே தேவையில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். கருவியைக் குறை சொல்ல மாட்டேன். தராசு போய் எலக்ட்ரானிக் தராசு வந்தபோது நாமும் மாறினோம். ஆனால் அந்த இயந்திரம், உலகில் ஏற்கெனவே உள்ள படங்களைப் பார்த்துப் பழகி அதிலிருந்து கலந்து கொடுப்பது. உங்கள் கடை இருக்கிற தெருவும், உங்கள் வாடிக்கையாளர் எதைப் பார்த்துச் சரக்கை அடையாளம் காண்கிறார் என்பதும் அதற்குத் தெரியாது. பல நேரம் தமிழ் எழுத்தையே பிழையாகப் போடுகிறது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் பிள்ளையும் அதைத்தான் செய்யும், இயந்திரமும் அதைத்தான் செய்யும்.

பக்கத்து ஊர்ப் பாடம்

கற்பனை ஊற்று என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் மதுரைக்குத் தெற்கே இரண்டு ஊர்கள் இதற்குச் சாட்சி.

ஒன்று சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தது, பிறகு பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. அந்தத் தேவையில்தான் அங்கே அச்சகங்கள் பெருகின. லித்தோ காலத்தில் ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். நான்கு வண்ணம் என்றால் நான்கு முறை தாள் உள்ளே போய் வர வேண்டும். அதனால் வரைகிறவர் சிக்கனமாக யோசித்தார். தீப்பெட்டியின் சின்னஞ்சிறு இடத்தில் சேவல், யானை, கப்பல், மாம்பழம் என்று ஒரே ஓர் உருவம். சுற்றிலும் கெட்டியான வண்ணம். எழுத்துத் தெரியாதவரும் "சேவல் படம் போட்டது கொடு" என்று கேட்டு வாங்கினார். இடம் சிறியது, வண்ணம் குறைவு, வாங்குகிறவர் படிக்காதவர். இந்த மூன்று நெருக்கடிதான் அந்த லேபிள்களுக்கு உயிர் கொடுத்தது.

மற்றொன்று கோவில்பட்டி. சி. கொண்டையராஜு என்ற ஓவியர் 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். கோவில்பட்டியில் தங்கி, டி.எஸ். சுப்பையா முதலான சீடர்களை உருவாக்கினார். 1976-ல் மறையும் வரை அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக வீடுதோறும் போயின. அந்தக் காலண்டர்களை வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது யார்? நாம்தான். கடைப் பெயரை அடியில் போட்டு, வருடப் பிறப்புக்கு வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுத்தோம். பூஜை அறையில் சட்டம் போட்டு மாட்டினார்கள். இன்றும் ஆடிப் பெருக்கு அன்று சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பம் வருகிறது. நாம் புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுக்கிறோம்.

அவர்களுடைய மீனாட்சி கல்யாணப் படத்தைப் பாருங்கள். மீனாட்சி நடுவில், ஒரு பக்கம் சுந்தரேசுவரர், ஒரு பக்கம் தாரை வார்க்கும் திருமால். மூவரும் அப்படி நிற்கிற நிலை நம் கோயில் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் கல்லிலேயே இருக்கிறது. நாடக மேடையின் திரையும் தூணும் அந்த ஓவியர்கள் காலத்தில் எல்லோர் கண்முன்னும் இருந்தவை. அவர்கள் தம் மக்கள் தினமும் பார்த்த பொருளிலிருந்து எடுத்து, மக்கள் மறுபடியும் விரும்பிப் பார்க்கும்படி கொடுத்தார்கள். பார்த்ததும் நம்முடையது என்று தோன்றியதால்தான் அது சுவரில் நின்றது.

அதே தெருவில் கடை வைத்திருக்கிற நாம், அதே ஊரில் பிறந்த பிள்ளையிடம், யாரோ ஒருவருடைய பாக்கெட்டைக் கொடுத்து "இது மாதிரி" என்கிறோம்.

காப்பியின் விலை

"அண்ணாச்சி, ஓடுகிற பாக்கெட் மாதிரி இருந்தால்தானே சரக்கு சீக்கிரம் நகரும்" என்று சொல்பவர்கள் உண்டு. முதல் மூன்று மாதம் நகரும். பிறகு நடப்பதைக் கேளுங்கள்.

1972-ல் உச்சநீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. பார்லே கம்பெனியின் குளுக்கோ பிஸ்கட் உறையில் பண்ணைக் காட்சியும் ஒரு பெண்ணும் இருந்தனர். மைசூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் போட்ட பிஸ்கட் உறையிலும் பெண், மாடு, கோழி. அளவும் வண்ணமும் ஏறக்குறைய அதே. பெயர் வேறுதான். கீழ்க் கோர்ட்டுகள் வேறுபாடுகளை எண்ணிப் பார்த்துப் பார்லேவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னன. உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எத்தனை வித்தியாசம் என்று எண்ண வேண்டியதில்லை. ஒன்றை வாங்கிப் பழகியவர் கையில் மற்றொன்றைக் கொடுத்தால் ஏமாந்து வாங்கிக்கொள்வாரா என்பதே கேள்வி என்றது. சாதாரண வாடிக்கையாளர் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் அல்லர் என்ற பொருளிலும் அந்தத் தீர்ப்பில் சொல்லியிருக்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்த நமக்கு அது தெரியாதா? கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வரும் பாட்டியும், ஐந்து ரூபாயோடு ஓடி வரும் சிறுவனும்தானே நம் வாடிக்கையாளர்!

ஆகவே "பெயரை மட்டும் மாற்று" என்பது பாதுகாப்பு அல்ல. இன்று அமலில் உள்ள 1999-ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின்படி, ஏமாற்றும் அளவுக்கு ஒத்த மார்க்கைப் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். போட்டவருக்கு மட்டுமல்ல, அறிந்தே அந்தச் சரக்கை விற்றவருக்கும் உண்டு. வரைந்த பிள்ளை "கடைக்காரர் சொன்னார், செய்தேன்" என்று சொல்லிவிட்டு நிற்கும். அச்சடித்த கவரும், சிலிண்டருக்குக் கொடுத்த பணமும், சில்லறைக் கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கும் நம் தலையில்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நம் சரக்கு நன்றாக இருந்தால் வாடிக்கையாளர் யாரைப் பாராட்டுவார்? எந்தப் பாக்கெட்டைப் போல நாம் செய்தோமோ அவரை. அடுத்த முறை போய் அதையே கேட்பார். நம் நல்ல சரக்கை வைத்து அடுத்தவருக்கு விளம்பரம் செய்து கொடுத்தவர்கள் ஆகிறோம்.

ஒரு பிள்ளை செய்த காரியம்

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர். வடக்கு வெளியில் உள்ள சில்லறைக் கடைக்காரர் ஒருவர் உளுந்தப் பாக்கெட்டுக்கு அவரிடம் வேலை கொடுத்தார். வழக்கம்போல ஒரு மாதிரிப் பாக்கெட்டும் கொடுத்தார். அந்தப் பிள்ளை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, ரெண்டு நாள் இங்கே ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டுமா?" என்று கேட்டது. உட்கார் தம்பி என்றேன்.

உளுந்து மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்தது. தொலி உளுந்து, உடைத்த உளுந்து, உருட்டு உளுந்து எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தது. லாரியிலிருந்து இறக்குகிற தொழிலாளிகள் மூட்டையில் குத்திய மையைப் பார்த்தே எது யாருடையது என்று பிரித்து அடுக்குவதைக் கவனித்தது. தகரத்தில் எழுத்தை வெட்டி, சாக்கின் மேல் வைத்து மை தடவுவோமே, அதே பழைய முறைதான். ஒரே வண்ணம், இரண்டு எழுத்து, ஒரு வட்டம். இருபதடி தூரத்திலும் தெரியும். "இதை இவ்வளவு நாள் நான் பார்க்கவே இல்லையே" என்றது அந்தப் பிள்ளை. பிறகு அந்தச் சில்லறைக் கடையிலும் ஒரு நாள் நின்று, பெண்கள் எந்த வார்த்தை சொல்லிக் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டது. யாரும் கம்பெனிப் பெயர் சொல்லவில்லை. "இட்லிக்கு நல்லா பொங்குற உளுந்து" என்றுதான் கேட்டார்கள்.

வந்த பாக்கெட்டில் பெண்மணி இல்லை, கிண்ணம் இல்லை. கருப்பு வட்டத்துக்குள் சாக்கு முத்திரை போலக் கடைப் பெயரின் இரண்டு எழுத்து. அடியில் வெள்ளையாக ஒரே ஓர் இட்லி. மொத்தம் இரண்டே வண்ணம். அச்சுச் செலவும் குறைந்தது. ஏனென்றால் ஒரு வண்ணத்துக்கு ஒரு சிலிண்டர் என்பது இன்றைய கவர் அச்சிலும் மாறவில்லை. இப்போது அந்தக் கடையில் "கருப்பு வட்டம் கொடுங்க" என்று கேட்கிறார்கள். அந்த வட்டம் பிறந்தது எங்கள் கிட்டங்கியில்.

நாம் செய்ய வேண்டியவை

1. வேலை கொடுக்கும்போது மாதிரிப் பாக்கெட்டைக் கொடுக்காதீர்கள், சரக்கைக் கொடுங்கள். ஒரு கிலோ மிளகாயோ பருப்போ வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வரையட்டும்.

2. ஒரு நாளாவது கடையில் நிற்க வையுங்கள். காலை எட்டு மணிக் கூட்டத்தையும், சாயங்காலக் கூட்டத்தையும் பார்க்கட்டும். எந்த உயரத்தில் அலமாரி, எவ்வளவு வெளிச்சம், பாக்கெட்டைத் தொங்கவிடுகிறோமா அடுக்குகிறோமா என்பது கம்ப்யூட்டர் திரையில் தெரியாது.

3. பழைய லேபிள், பழைய டப்பா, பழைய பில் புத்தகம் வீட்டுப் பரணில் இருந்தால் எடைக்குப் போடாமல் அந்தப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முந்தைய பெட்டிகளில் பழைய 'லை', 'னை' எழுத்துகளின் துதிக்கை வளைவு இருக்கும். சுங்குடிச் சேலையின் புள்ளி, வாசல் கோலம், கோயில் விதானம், கடைப் பலகையில் கையால் எழுதிய எழுத்து என எல்லாம் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. ஊரிலிருந்து எடுப்பது காப்பி அல்ல. ஒருவர் உழைத்து உருவாக்கிய மார்க்கை எடுப்பதுதான் காப்பி.

4. கட்டாய விவரங்களை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். நிகர எடை, அதிகபட்ச விலை, பாக்கெட் செய்தவர் பெயர் முகவரி, மாதம் வருடம், புகாருக்குத் தொடர்பு எண், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், சைவத்துக்கான பச்சைக் குறி இவற்றுக்கு இடம் விட்டுத்தான் படம். கடைசியில் திணித்தால் நல்ல படமும் கெடும்.

5. கூலியைக் குறைக்காதீர்கள். இரண்டு நாள் கூலி கொடுத்தால் இரண்டு நாள் யோசனைதான் கிடைக்கும். பேசிய பணத்தை வேலை முடிந்ததும் கொடுத்துவிடுங்கள். மொத்தக் கடைக்குத் தவணை சொல்வதுபோல அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

6. படத்தின் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு போதாது. எழுதும்போது எத்தனை காலத்துக்கு என்பதையும் எழுத வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் காப்புரிமைச் சட்டம் அதை ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். படத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுக்கவில்லை, சொந்தமாக வரைந்தது என்றும் அதே தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

7. மார்க்கைப் பதிவு செய்யுங்கள். சென்னை கிண்டியில் டிரேட் மார்க் அலுவலகம் இருக்கிறது. தனிநபரோ சிறு நிறுவனமோ இணையம் வழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்து வருடத்துக்கு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். இன்று பெரிய கம்பெனியைப் பார்த்து நாம் காப்பி அடிக்காமல் இருப்பது மட்டும் போதாது. நாளை நம் கருப்பு வட்டத்தை வேறு ஒருவர் காப்பி அடிக்காமலும் பார்க்க வேண்டும்.

முடிவாக

பெரிய கம்பெனிகளோடு விலையில் மோத நம்மால் முடியாது. டெலிவிஷன் விளம்பரம் கொடுக்கவும் முடியாது. நம்மிடம் இருப்பது மூன்று: நல்ல சரக்கு, முகம் தெரிந்த வாடிக்கையாளர், பாக்கெட்டின் மேல் உள்ள ஒரு சாண் இடம். முதல் இரண்டையும் நாம் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம். மூன்றாவதை இரண்டு நிமிடப் பேச்சில் முடித்துவிடுகிறோம்.

படிப்பு முடித்து வரும் பிள்ளைகளிடம் திறமை இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று காட்ட ஆள்தான் இல்லை. நம் தாத்தாக்கள் காலண்டர் வாங்கியே ஓர் ஓவியர் கூட்டத்தை வாழ வைத்தார்கள். நாம் நம் சரக்கையும் கடையையும் திறந்து காட்டினால் போதும். வருகிற சங்கக் கூட்டத்தில், புதிதாகப் பாக்கெட் போட இருக்கும் உறுப்பினர்கள் தங்கள் டிசைனரையும் கூடவே அழைத்து வர வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட வேண்டுகிறேன். கிட்டங்கிச் சாவி என்னிடம் இருக்கிறது. எந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் திறந்து விடுகிறேன்.

வணக்கம்.